ஓஎஸ் மாற்றும் முன் ஒரு வருஷத்து வேலையை எழுதிப் பாருங்கள்

மன்னார்குடியில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம், அதோடு நீடாமங்கலம் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கும் நாலைந்து உரக்கடைகளுக்கும் ரிட்டர்ன் வேலை. மூன்று சிஸ்டம், மூன்றிலும் ஓஎஸ் (சிஸ்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருள்) விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு நின்றது. தீபாவளி முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்ஸைப் போட்டேன். அக்கா மகன்தான் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தான். "எல்லா சாஃப்ட்வேரும் இதுல இருக்கு மாமா. இல்லாட்டி அதே மாதிரி இன்னொண்ணு இருக்கும்" என்றான்.

நவம்பர் முழுக்க ஒரு குறையும் இல்லை. சிட்டா எடுத்தோம், பயிர்க் காப்பீட்டுக் கூட்டத்தைச் சமாளித்தோம், சிஸ்டம் முன்னைவிட வேகமாகவே இருந்தது. டிசம்பர் 27 சனிக்கிழமை மாலை, மில்லுக்கு ஜிஎஸ்டிஆர்-9 போட உட்கார்ந்தேன். வருஷத்துக்கு ஒருமுறை போடும் ஆண்டு ரிட்டர்ன். கடைசித் தேதி டிசம்பர் 31. ஜிஎஸ்டி தளத்தில் கிடைக்கும் ஆஃப்லைன் கோப்பு மேக்ரோ (பட்டனை அழுத்தினால் ஓடும் சிறு நிரல்) வைத்த எக்ஸெல். எக்ஸெல்லுக்குப் பதிலாக லினக்ஸில் இருக்கும் லிப்ரே ஆபீஸில் திறந்தது, எண்களும் ஏறின. சரிபார்க்கும் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். விண்டோஸில் ஓடும் மைக்ரோசாஃப்ட் எக்ஸெல்லுக்கென்றே எழுதிய கோப்பு அது. பதிவிறக்கும் இடத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மில்லைத் திறக்கச் சொல்லி, அவர்கள் சிஸ்டத்தில் உட்கார்ந்து இரவு பதினோரு மணிக்கு முடித்தேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப்பிள்ளைதான் இரண்டு தடவை மணி பார்த்தார். ஒரு நாள் தவறினாலும், 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு ₹50 தாமதக் கட்டணம் ஓடும். தொகை சின்னதுதான். ஆனால் அடுத்த வருஷம் அந்தக் கணக்கு நம்மிடம் இருக்குமா என்பது வேறு விஷயம்.

உங்களுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை வராமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். விண்டோஸா, லினக்ஸா, மேக்கா என்று கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். அதற்கு முன் செய்ய வேண்டியவை கீழே.

1. நோட்டில் பன்னிரண்டு மாதமும் எழுதுங்கள்

சிஸ்டத்தில் என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்று பார்த்து எழுதாதீர்கள். அப்படி எழுதினால் தினமும் தொடுவது மட்டும்தான் நினைவுக்கு வரும். மாதவாரியாக, என்ன வேலை வருகிறது என்று எழுதுங்கள். என் நோட்டில் கொஞ்சம்:

தை: கல்யாணப் பத்திரிகை. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பைத் திறந்து பெயர் மாற்றுவது.
மே: நாலாம் காலாண்டு டிடிஎஸ் (பிடித்த வரிக்கான) ரிட்டர்ன், கடைசித் தேதி 31.
ஜூன், ஜூலை: வருமான வரி. குறுவைக் கடன் விண்ணப்பங்கள், பட்டா நகல்.
நவம்பர்: சம்பா பயிர்க் காப்பீடு.
டிசம்பர்: ஜிஎஸ்டிஆர்-9.
மாதா மாதம்: 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்).

ஒவ்வொரு வேலைக்கு நேராகவும் மூன்று விஷயம் வேண்டும்: எந்த மென்பொருள், எந்தச் சாதனம், கோப்பு யாரிடம் போகிறது. மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. அதுதான் பிறகு உதைக்கிறது.

இதற்கு ஒரு மாலை போதும். பக்கத்தில் கடையில் வேலை பார்க்கிறவரையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தெரியாமல் அவர்கள் பயன்படுத்தும் சின்னச் சின்ன நிரல்கள் எப்படியும் இரண்டு மூன்று இருக்கும். பாஸ்போர்ட் சைஸ் படத்தை ஒரு தாளில் எட்டாக அடுக்கும் நிரல் ஒன்று எங்கள் கடையில் இருந்தது எனக்கே தெரியாது.

2. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போடுங்கள்

பிரவுசரில் ஓடுவதற்கு 'ப'. எல்லா ஓஎஸ்ஸிலும் பதிப்பு இருப்பதற்கு 'எ'. விண்டோஸில் மட்டும் ஓடுவதற்கு 'வி'. ஒரு சிஸ்டத்துக்கான பட்டியலில் 'வி' ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தச் சிஸ்டம் விண்டோஸ்தான். மற்ற எல்லாம் எவ்வளவு அழகாக ஓடினாலும் சரி.

'ப' வரிசையில் வருபவை: ஜிஎஸ்டி தளம், இ-வே பில், வருமான வரி மின்தாக்கல், பட்டா-சிட்டா, வில்லங்கச் சான்று, வாட்ஸ்அப் வெப், ஜோஹோ புக்ஸ், கூகுள் ஷீட்ஸ். ஒரு டைப்பிங் கடைக்கோ விண்ணப்பம் மட்டும் போடும் கடைக்கோ இதுவே முக்கால்வாசி வேலை.

'எ': லிப்ரே ஆபீஸ், குரோம், பயர்பாக்ஸ், ஜூம், விஎல்சி, ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ்.

'வி': டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருள், மேலே சொன்ன மேக்ரோ எக்ஸெல் கோப்புகள், ஜிஎஸ்டியின் ரிட்டர்ன் ஆஃப்லைன் டூல். போட்டோஷாப், இன்டிசைன், கோரல்டிரா, ஆட்டோகேட் ஆகியவை விண்டோஸுக்கும் மேக்குக்கும் உண்டு, லினக்ஸுக்கு இல்லை. லினக்ஸ் போட நினைக்கிறவர்களுக்கு இவையும் 'வி'தான்.

மேக் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டாலிக்கு மேக் பதிப்பு கிடையாது. பழைய இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் வைத்து விண்டோஸையும் பக்கத்தில் போட்டுக்கொள்ள முடிந்தது. 2020 நவம்பரில் எம்1 வந்தது முதல் ஆப்பிள் சிப் மேக்குகளில் அந்த வழி இல்லை. டிசைன் வேலைக்கு மட்டும் என்றால் மேக் நல்ல மெஷின். கணக்கு வேலைக்கு என்று அவ்வளவு விலை கொடுத்து வாங்கிவிட்டு, டாலிக்கு இன்னொரு சிஸ்டம் தேடாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் மூன்று பொறிகள்.

ஒன்று, 'அதே மாதிரி இன்னொன்று'. கோப்பு உங்களிடமே இருந்து பிடிஎஃப் ஆக வெளியே போகிறதென்றால் மாற்று மென்பொருள் தாராளமாகப் போதும். கோப்பே வெளியே போகிறதென்றால் எதிர்ப்பக்கம் கேட்காமல் மாற்றாதீர்கள். எங்கள் பத்திரிகை வேலை தஞ்சாவூர் அச்சகத்துக்குப் போகும். "பிடிஎஃப் வாங்கிக்கிறோம், ஆனா கடைசி நேரத்துல ஒரு எழுத்து மாத்தணும்னா கோரல் ஃபைல்தான் வேணும்" என்றார்கள். ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும் விஷயம். ஆடிட்டரையும் அப்படியே கேளுங்கள்: நாங்கள் அனுப்பும் எக்ஸெல்லில் உங்கள் ஃபார்முலா, மேக்ரோ ஏதாவது இருக்கிறதா?

இரண்டு, 'பிரவுசரில் ஓடுகிறது' என்ற பேச்சு. கம்பெனி அல்லது எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) என்றால் ஜிஎஸ்டியில் டிஜிட்டல் கையொப்பம் போட்டே ஆக வேண்டும். கையெழுத்துப் போடும் நேரத்தில் தளம் பிரவுசரைத் தாண்டி, உங்கள் சிஸ்டத்தில் நிறுவிய எம்சைனர் என்ற நிரலைக் கூப்பிடும். அது கையொப்பச் சான்றிதழ் இருக்கும் யுஎஸ்பி டோக்கனின் டிரைவரைக் கூப்பிடும். இந்தச் சங்கிலியில் எது அறுந்தாலும் கையெழுத்து விழாது. தனிநபர் உரிமையாளர் கடைகளுக்குப் போனுக்கு வரும் ஓடிபியே போதும் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. கைரேகை வைக்கும் கருவியும் இப்படித்தான்: பக்கம் பிரவுசரில் திறக்கும், கருவியின் ஆர்டி சர்வீஸ் என்ற நிரல் சிஸ்டத்தில் இருந்தாக வேண்டும். உங்கள் மாடலுக்கு எந்த ஓஎஸ்ஸில் அது இருக்கிறது என்று தயாரித்தவரின் தளத்தில் பார்த்துவிட்டுக் குறி போடுங்கள்.

மூன்று, வைன் போன்றவற்றை நம்பித் தொழில் நடத்துவது. லினக்ஸுக்குள் விண்டோஸ் நிரலை ஓட வைக்கும் வைன் நல்ல முயற்சி. பல நிரல்கள் ஓடவும் செய்கின்றன. இன்றைக்கு ஓடுவது அடுத்த அப்டேட்டுக்குப் பிறகும் ஓடுமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. 20-ஆம் தேதி காலையில் பரீட்சை வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸில் முழு விண்டோஸையே உள்ளே போடலாம். அதற்குத் தனி விண்டோஸ் லைசென்ஸ் வேண்டும், 8 ஜிபி ராமுக்குக் குறைவாக இருந்தால் இரண்டும் சேர்ந்து திணறும்.

எல்லாவற்றையும் கிளவுடுக்குக் கொண்டுபோய்விட்டால் எந்த ஓஎஸ் என்ற கேள்வியே இல்லையே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த பிறகு எங்கள் பக்கம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்து சிஸ்டத்தை எழுப்பியவர்களுக்கும் நெட் இல்லை. வட்டில் கணக்கு இருந்தவர்கள் பில் போட்டார்கள். அதனால் கணக்கு மட்டும் கைக்கெட்டும் வட்டிலும் ஒரு நகல் இருக்கட்டும் என்பது என் கட்சி.

3. மேஜை மேல் இருக்கும் சாதனங்கள்

பிரிண்டர், ஸ்கேனர், டோக்கன், கைரேகைக் கருவி, பில் மெஷின். ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு அடியில் உள்ள மாடல் எண்ணை முழுசாக எழுதுங்கள். பிராண்ட் பெயர் மட்டும் போதாது. ஒரே கம்பெனியில் ஒரு மாடல் செருகியவுடன் லினக்ஸில் ஓடும், இன்னொன்று ஒரு வாரம் உயிரை வாங்கும்.

எச்பி பிரிண்டர்கள் பலவற்றுக்கு எச்பிலிப் என்ற தொகுப்பும், எப்சன் இங்க் டேங்க் வகைகளுக்கு எப்சனின் லினக்ஸ் டிரைவரும் உண்டு. வம்பெல்லாம் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய சின்ன லேசர்களில். என் கடையில் ஒன்று இருக்கிறது. எத்தனை ஆயிரம் சிட்டா அடித்திருக்கும் என்று கணக்கில்லை. லினக்ஸில் அதற்குப் பச்சை விளக்கு எரியும், வரிசையில் வேலை நிற்கும், தாள் மட்டும் வராது. மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டு அதைப் பிறகு வாங்கிய விண்டோஸ் சிஸ்டத்தோடு கட்டி, ஒரு ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிர்ந்துவிட்டேன். கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிப் அந்தப் பொது ஃபோல்டரில் போட்டு விண்டோஸிலிருந்து அடிக்கிறோம்.

டோக்கன் பற்றி ஒரு எச்சரிக்கை. புது சிஸ்டத்தில் டிரைவர் போடும்போது 'இனிஷியலைஸ்' என்று ஒரு வாய்ப்பு கண்ணில் படும். அதைத் தொடாதீர்கள். டோக்கனில் உள்ள சான்றிதழ் அழிந்துவிடும். பிறகு புதிதாகத்தான் வாங்க வேண்டும். பாஸ்வேர்டையும் குத்துமதிப்பாக அடித்துப் பார்க்கக் கூடாது, சில தவறுகளுக்குப் பிறகு பூட்டிக்கொள்ளும்.

4. தமிழ் எழுத்து: இதைத் தனியாகப் பாருங்கள்

டிடிபி கடைக்காரர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

யூனிகோடில் அடித்த கோப்பு எந்த ஓஎஸ்ஸிலும் தமிழாகவே திறக்கும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது அப்படி இல்லை. பாமினியில் 'அம்மா' என்று நீங்கள் பார்ப்பது கணினிக்கு எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அந்த எழுத்துருவை மாட்டினால்தான் அது அம்மா. எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் தாய்மாமன் பெயர் வரிசையெல்லாம் குப்பையாகத் தெரியும்.

நல்ல செய்தி: பாமினி போன்ற எழுத்துருக் கோப்புகளை லினக்ஸிலும் மேக்கிலும் நிறுவலாம். ஆகவே மாற்றுவதற்கு முன் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் நகலெடுங்கள். நான் இதைச் செய்யாமல் அழித்துவிட்டு, பத்து வருஷத்துக்கு முன் யாரோ சீடியில் கொடுத்த ஒரு அலங்கார எழுத்துருவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய எழுத்துருத் தொகுப்பு என்றால் அதன் லைசென்ஸையும் பாருங்கள்.

தட்டச்சு வேறு விஷயம். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை இரண்டும் விண்டோஸுக்கானவை. லினக்ஸில் ஐபஸ் என்பதோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். மேக்கில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. தமிழ்99 கைவந்தவருக்கு எங்கே போனாலும் கவலை இல்லை. பழைய டைப்ரைட்டர் முறையில் பழகிய கை என்றால், வேலை பார்க்கிறவரை உட்கார வைத்து ஒரு பக்கம் அடிக்கச் சொல்லிப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். அடோபி அதைக் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. லிப்ரே ஆபீஸ் டிரா அந்தக் கோப்பைத் திறக்கும், ஆனால் வரிகள் இடம் மாறும். பார்த்துத் திரும்ப அடிக்க உதவும், அவ்வளவுதான். அடிக்கடி திரும்ப வரும் இருபது முப்பது பத்திரிகைகளை மட்டும் பொறுக்கி, பழைய சிஸ்டம் உயிரோடு இருக்கும்போதே பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் மாற்றுகிறேன் என்று இறங்கினால் முடியாது.

5. பழைய மெஷின் விண்டோஸ் 11 தாங்குமா?

நோட்டில் 'வி' விழுந்த சிஸ்டத்துக்கு மட்டும் இந்தக் கேள்வி. மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' நிரலைப் போட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிறகும், 4 ஜிபி ராம், 64 ஜிபி வட்டு, டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (கடைசி இரண்டும் மெஷினில் உள்ள பாதுகாப்பு வசதிகள்). இவை குறைந்தபட்சம், 4 ஜிபியில் டாலியும் குரோமும் சேர்ந்து ஓடுவதைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். 8 ஜிபி வையுங்கள்.

'டிபிஎம் இல்லை' என்று வந்தால் உடனே மெஷினைக் கழிக்காதீர்கள். பல போர்டுகளில் அது பயாஸில் (ஓஎஸ் எழும் முன் திறக்கும் அமைப்புப் பக்கத்தில்) அணைந்து கிடக்கும். எட்டாம் தலைமுறைக்குக் கீழே என்றால் மட்டும் நேர்வழி இல்லை. கட்டுப்பாட்டைத் தாண்டிப் போட்டுத் தருகிறேன் என்பார்கள். போடவும் முடியும். அப்படிப் போட்டதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை என்பதால் கணக்கு சிஸ்டத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அவசரம் வேண்டாம் என்றால், விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை தள்ளலாம். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் அந்த டிசம்பரே வந்திருக்காது.

6. நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸ் வகைகளான மின்ட் அல்லது உபுண்டுவை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, வட்டைத் தொடாமல் அதிலிருந்தே சிஸ்டத்தை எழுப்பலாம். கொஞ்சம் மெதுவாக இருக்கும், அணைத்தால் செய்ததெல்லாம் போய்விடும். பரவாயில்லை. அரசு கொடுத்த பழைய லேப்டாப் வீட்டில் இருந்தால் அதிலும் பழகலாம். அரசின் எல்காட் நிறுவனம் வழியாக வந்த அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்ந்தே வந்தது, பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் திறந்ததே இல்லை.

பிரவுசர் திறக்கிறதா, பாட்டு பாடுகிறதா என்று பார்த்து நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்வது. நானும் அப்படித்தான் நிறுத்தினேன். நோட்டை எடுத்து வரிசையாக நடத்துங்கள்: போன வருஷ ஜிஎஸ்டிஆர்-9 கோப்பைத் திறந்து பட்டனை அழுத்துங்கள், ஒரு பத்திரிகையைத் திறந்து ஒரு பெயரை மாற்றி அச்சடியுங்கள், டோக்கனைச் செருகுங்கள், ஒரு ஆதாரை ஸ்கேன் செய்யுங்கள். எது நின்றதோ அதற்கு நேராக 'வி'.

லேப்டாப்பில் இதைச் செய்யும் முன், விண்டோஸில் வட்டைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். புது லேப்டாப்புகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் செக்யூர் பூட்டை மாற்றிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் 48 இலக்க எண் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும் என்பதுதான் அடுத்த கேள்வி.

7. ஒரு ஃபைலில் சேர்க்க வேண்டியவை

டாலி சீரியல் எண்ணும் அதைப் பதிந்த மின்னஞ்சலும். மில்காரர்கள் பலருக்கு அந்த மின்னஞ்சலைத் திறந்து கொடுத்தது எப்போதோ விட்டுப் போன கணக்குப்பிள்ளையாக இருக்கும். மாற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே சரி செய்யுங்கள். பழைய சிஸ்டத்தை அழிக்கும் முன் டாலியில் லைசென்ஸை 'சரண்டர்' செய்யுங்கள், புதியதில் 'ஆக்டிவேட்' செய்யுங்கள். அதோடு விண்டோஸ் வாங்கிய பில், டோக்கன் பாஸ்வேர்டும் காலாவதித் தேதியும், ஆபீஸ் கணக்கு, பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், பிரிண்டர் சீடி.

டாலி தரவை பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. இன்னொரு சிஸ்டத்தில் அதைத் திறந்து ஒரு லெட்ஜரையாவது பாருங்கள்.

8. எனக்கு ஆன செலவு

லினக்ஸுக்குப் பைசா இல்லை. இரண்டு பழைய மெஷின்களுக்கு எஸ்எஸ்டி (வேகமான வட்டு), ஒன்று ₹1,900. கணக்குக்கும் டிடிபிக்கும் ஒரு எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப், கைமாறியது, தஞ்சாவூரில் ₹16,500. இதில் பேரம் பேசும்போதே விண்டோஸ் அந்த மெஷினோடு வந்த லைசென்ஸா என்று 'ஆக்டிவேஷன்' பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். மெஷினோடு வரும் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு ஒட்டியது. போர்டு மாற்றிய மெஷின் என்றால் அது செல்லாமல் போகலாம். சில நூறு ரூபாய்க்கு விற்கும் சாவிகளை வாங்காதீர்கள். கிராக் போட்ட சிஸ்டத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

'டாஸ் மாடல்' என்று குறைந்த விலையில் விற்கும் புது லேப்டாப்பில் விண்டோஸ் இருக்காது. பட்டியலில் 'வி' இல்லாதவர்களுக்கு அது லாபம். மற்றவர்கள் விண்டோஸ் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கவும்.

9. எப்போது மாற்றுவது

எங்கள் ஊர் நாட்காட்டியில் எனக்குக் கிடைத்த நல்ல நேரம் செப்டம்பர் கடைசி வாரம். வருமான வரி நெரிசல் ஓய்ந்திருக்கும், காப்பீட்டுக் கூட்டம் இன்னும் தொடங்கியிருக்காது, பெருமழையும் இல்லை. மாதத்தில் 21-ஆம் தேதிக்குப் பிறகு தொடங்குங்கள், அடுத்த 11 வரை கையில் நாள் இருக்கும். நவம்பர், டிசம்பர் வேண்டவே வேண்டாம். மின்தடை நாளில் தொடங்காதீர்கள். யுபிஎஸ் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று முன்பே பாருங்கள்.

ஒரே நாளில் எல்லா சிஸ்டத்தையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி ஒரு மாதம் ஓட்டுங்கள். இப்போது என் கடையில் இரண்டு லினக்ஸ், ஒரு விண்டோஸ் 11. அக்கா மகனுக்கு அந்த விண்டோஸ் இன்னும் கண்ணை உறுத்துகிறது.

கடைசியாக, பழைய வட்டை அழித்து அதன்மேலேயே புது ஓஎஸ் போடாதீர்கள். புதிய எஸ்எஸ்டியில் போட்டு, பழையதைக் கழற்றி, மேலே தேதி எழுதி வையுங்கள். பன்னிரண்டு மாதமும் ஒரு சுற்று வந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். நான் அழித்தது அழித்ததுதான். மில் முதலாளி பிப்ரவரியில் சிஸ்டம் மாற்றியபோது கழற்றிய வட்டு மட்டும் அவர் பீரோவில், டிடிஎஸ் கோப்புக்கு மேலே இருக்கிறது.